ஒன்பது குழி, எட்டு சாக்கெட்

இது எனக்குச் சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. 2003-ஆ, 2004-ஆ... ஆண்டைப் பற்றிச் சத்தியம் செய்ய மாட்டேன். என் கூட்டாளி விஜயபாண்டி சொல்லிக் கேட்டது. அவன் ஒவ்வொரு தடவையும் ஏதாவதொன்றைக் குறைத்துத்தான் சொல்வான். நேரத்தில் மட்டும் மாறியதே இல்லை. பகல் பன்னிரண்டு. கரண்டு போனதும் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிற நீங்கள், இருட்டுக்குத்தான் பயப்பட வேண்டும் என்று நினைக்கிறீர்கள்... இருக்கட்டும்.

பகல் பன்னிரண்டு. காமயகவுண்டன்பட்டியிலிருந்து திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் மண்பாதை. மே மாதம். பந்தலுக்கு அடித்த மயில்துத்த மருந்தின் வாடை. ஆள் நடமாட்டமே இல்லை. பாதை ஓரத்தில் ஒரு பழைய ஜீப். அதன் பக்கத்தில் சசிதரன்... விஜயபாண்டியின் அக்கா ஹேமாவதியின் கணவர்.

அவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தேனிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் பட்டறை ஆசிரியர். பழைய ஸ்பானர், நட்டின் தலையில் மாட்டித் திருகும் சாக்கெட், இவற்றைச் சேர்ப்பதில் வெறி. துருப்பிடித்த இரும்பை வெயிலில் சாய்த்து, எழுத்து வெட்டையும் முலாம் உரிந்த விதத்தையும் பார்த்தே எந்த நாட்டில், எந்தக் காலத்தில் அடித்தது என்று சொல்லிவிடுவார். சரியாகவே சொல்வார். அதுதான் தொந்தரவு. அந்த அறிவு இல்லாத எவரையும் அவர் மனிதராக எண்ணவில்லை. மெக்கானிக் என்றால் உதடு ஒரு பக்கம் கோணும். சீமை ஸ்பானரைக் கொண்டு ஆணி அடிக்கிற கூட்டம் என்பார்.

அப்படிப்பட்டவருக்குக் கிடைத்தது ராக்கையாவின் பெட்டி. ராக்கையா லாரி மெக்கானிக். ஒரு லாரிக்கு அடியில் படுத்து வேலை பார்த்தபடியே மார்வலியில் போய்ச் சேர்ந்தவர். அவர் மனைவி பஞ்சம்மாள் திராட்சை பறிக்கப் போகிறவள். பெட்டிக்குப் பதிலாக ஒரு மிக்ஸி கேட்டாள். சசிதரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வீட்டில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியையே தூக்கிக் கொடுத்தார். ஹேமாவதி அதன்பிறகு அம்மியில் அரைத்தாள். அது வேறு கதை.

தகரப் பெட்டி. உள்ளே சாக்கெட்டை மாட்டித் திருக ஒரு ராட்செட் கைப்பிடி, சாக்கெட் வைக்க வரிசையாக ஒன்பது குழி. சாக்கெட் எட்டு. நடுக்குழி காலி.

"அது அவுக கையோட போயிருச்சு" என்றாள் பஞ்சம்மாள்.

கைதவறித் தொலைத்துவிட்டான் என்று சசிதரன் புரிந்துகொண்டார். வேறென்ன எதிர்பார்க்க முடியும் இவன்களிடம்?

அவள் இன்னொன்றும் சொன்னாள். "புள்ளிய மட்டும் அழிச்சுராதீக சார். எதுனாலும் செய்ங்க... அது கெடக்கட்டும்."

ஒவ்வொரு சாக்கெட்டின் பக்கவாட்டிலும் பஞ்ச் உளி வைத்துக் குத்திய புள்ளிகள் இருந்தன. சின்னதில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, அப்படியே ஒன்பது வரை. இடையில் ஐந்து இல்லை. அறுபது வருஷத்துச் சீமைச் சாமானில் அம்மைத் தழும்பு மாதிரிப் புள்ளிகள். சசிதரன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அரம் போட்டு, உப்புத்தாள் தேய்த்து, எட்டையும் கண்ணாடியாக்கினார். விஜயபாண்டி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"எதுக்கு மச்சான் குத்தியிருப்பாக?"

"கைநாட்டுப் பயலுக்கு நம்பர் வாசிக்கத் தெரியல. அதான் புள்ளி. இதுக்கு ஒரு ஆராய்ச்சியா?"

எட்டை வைத்துக்கொண்டு அவரால் தூங்க முடியவில்லை. காலிக்குழி கண்ணை உறுத்தியது. ஒன்பதும் சேர்ந்தால் இந்த மாவட்டத்தில் அப்படி ஒரு முழு செட் எவனிடமும் இருக்காது. அதற்காகத்தான் அந்த மே மாதப் பகலில் பெட்டியோடு மறுபடி பஞ்சம்மாள் வீடு தேடிப் போனார். பஞ்சம்மாள் வேலைக்குப் போயிருந்தாள். பூட்டிய கதவை ஒரு உதை விட்டுத் திரும்பினார்.

பாதி வழியில், அவர் ஓட்டிவந்த ஜீப்புக்கு அடியில் சத்தம். கடக்... கடக்... சக்கரத்துக்கு ஓட்டம் கொடுக்கும் ஷாப்ட்டின் போல்ட் தளர்ந்திருக்கிறது. நிறுத்தினார். பழைய ஜீப், அங்குலக் கணக்கு நட்டு; பெட்டியில் இருந்த சாக்கெட்தான் பொருந்தும். பெட்டியைத் திறந்து ராட்செட்டைத் தரையில் வைத்துவிட்டு, தலையில் கட்டத் துண்டை எடுக்க முன்சீட்டுப் பக்கம் போனார்.

கிர்ர்க்... கிர்ர்க்...

ராட்செட் சுற்றும் சத்தம். ஜீப்புக்கு அடியிலிருந்து.

திரும்பிப் பார்த்தார். தரையில் வைத்த ராட்செட் இல்லை. பின்சக்கரத்தின் ஓரமாக ஒரு கை வெளியே நீண்டிருந்தது. மணிக்கட்டு வரை கிரீஸ். உள்ளங்கை மேலே பார்த்து விரிந்திருந்தது.

"மூணு குடு."

தோட்டத்தில் படுத்துக் கிடந்த எவனோ கூலிக்கு ஆசைப்பட்டு உள்ளே நுழைந்துவிட்டான் என்றுதான் நினைத்தார். மூணாம். அளவு சொல்லத் தெரியாத முண்டம். சிறியதிலிருந்து மூன்றாவதை எடுத்து, விரல் படாமல் அந்தக் கையில் போட்டார்.

கட்டைவிரல் சாக்கெட்டைச் சுற்றித் தடவியது. ஒரு சுற்று... இன்னொரு சுற்று... நின்றது. பிறகு அதை மண்ணில் வைத்தது.

"மூணு குடு."

அடுத்ததைக் கொடுத்தார். அதையும் தடவி வைத்தது. ஒவ்வொன்றாக எட்டும். எட்டும் மண்ணில் வரிசையாக நின்றன. அப்போதுதான் சசிதரனுக்கு உறைத்தது. லாரிக்கு அடியில் ஏது வெளிச்சம்? எந்த நம்பரை வாசிப்பது? கண்ணுக்கு அல்ல... விரலுக்குக் குத்திய புள்ளி. உலகத்து இரும்பையெல்லாம் அடையாளம் சொன்னவருக்கு அது தெரியவில்லை.

கை விரிந்தே இருந்தது.

"அழிச்சுப்பிட்டியா?"

கோபமே இல்லை, கேள்விதான். குரலோடு பழைய கியர் ஆயிலும் ஈர மண்ணும் கலந்த வாடை. அவர் ஓடியிருக்கலாம். குனிந்து மண்ணிலிருந்த சாக்கெட்டுகளைப் பொறுக்கப் போனார். அந்த நேரத்திலும் அதுதான் அவர் புத்தி. கை அவர் கையைப் பிடித்தது. ஜில்லென்று இருந்தது. கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாகத் தடவியது.

"ஒண்ணு... ரெண்டு..."

மூன்றாவதில் நின்றது.

கிர்ர்க்.

திராட்சை பறித்துவிட்டு வந்த பெண்கள்தான் அவரைப் பார்த்தார்கள். கையைத் தோள் வரை ஜீப்புக்கு அடியில் விட்டபடி மயங்கிக் கிடந்தார். பஞ்சம்மாளும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். சிதறிக் கிடந்ததைப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கியவள் அவள்தான். அடுக்கி முடித்ததும் பெட்டியைக் கீழே போட்டுவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டாளாம்.

குழி ஒன்பதும் நிறைந்திருந்தது. நடுவில் இருந்ததில் ஐந்து புள்ளி. ராக்கையாவைக் குழியில் இறக்கும்போது அவர் விரல்களை யாராலும் பிரிக்க முடியவில்லை. அந்தச் சாக்கெட்டைக் கையோடு வைத்தே புதைத்திருந்தார்கள்.

சசிதரன் வேலையை விட்டுவிட்டார். தேனியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். நடுவிரல் முழுதாக ஒரு சுற்றுத் திரும்பிப்போய், இப்போது மடங்குவதில்லை. ஹேமாவதி வேறு மிக்ஸி வாங்கிவிட்டாள். பஞ்சம்மாள் இன்னும் திராட்சை பறிக்கிறாள். ஜீப்பை வாங்கியவர் ஷாப்ட் போல்ட் நாலையும் எந்த ஸ்பானராலும் அசைக்க முடியவில்லை என்கிறார். பெட்டி விஜயபாண்டியிடம் இருக்கிறது. பழைய எட்டிலும் புள்ளி இல்லை. ஐந்து புள்ளிச் சாக்கெட்டின் துளைக்குள் மண்ணைத் துடைத்துத் துடைத்து அவன் அலுத்துவிட்டான். காலையில் பார்த்தால் மறுபடி மண் இருக்கிறது. ஈரமாக.