நாலில் மூன்று பேர்

“…அப்போ புது முறையில மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஒத்துக்கிட்டா, பின்ன யாரும் மாத்த முடியாது. அப்படித்தானே?”

குளச்சலிலிருந்து இரணியல் போகும் பேருந்தில், முன் இருக்கைப் பெண் கேட்டாள். மடியில் கைக்குழந்தை தூங்கியது. பக்கத்தில் மூத்த மகள். கைபேசித் திரையில் கணவன். துபாயில் ஏதோ பிளாக்செயின் கம்பெனியில் வேலையாம்; பல கணினிகள் சேர்ந்து ஒத்துக்கொண்டு ஒரே கணக்கை எழுதும் முறை.

“ஆமா மக்கா. பழைய முறையில கூடுதல் கணக்குப் போடுற மிஷினுக்குத்தான் மதிப்பு. புதுசுல பணத்தைப் பணயம் வச்சவங்க ஓட்டுப் போடணும்.”

“இன்னும் ரெண்டு வருஷம் அங்க இருக்கட்டான்னு கேட்டியளே. நம்ம வீட்டுல நாலு பேரு. நாங்க மூணு பேரும் வேண்டாம்னு சொல்லுதோம்.”

மூத்தவள் அதற்குள் கை தூக்கிவிட்டாள்.

அவர் சிரித்தார். “சின்னவ உறங்குதாளே, அவ எப்படி ஓட்டுப் போடுவா?”

மனைவி, தூங்குகிற குழந்தையின் கையை மெதுவாகத் தூக்கித் திரைக்கு நேரே பிடித்தாள்.