தலையணை டிரைவர்

— அந்தச் சுத்தியலைக் கீழ வச்சிட்டு கொஞ்சம் கிட்ட வாங்க தம்பி. உங்களுக்கு ஒரு கதை சொல்றேன். கேட்டு முடிக்கிறப்ப இந்த லாரி சீட்டோட தையலை நீங்களே பிரிச்சிடுவீங்க.

— பிரிக்கிறதா? என்னம்மா இப்படிச் சொல்றீங்க! பழைய துணி உறையெல்லாம் கிழிச்சுப் போட்டு, புது ஃபோம் வச்சு, செம்பட்டை நிறத்துல தோல் வாங்கித் தச்சிருக்கேன். இந்த நவ்ஷாத் தச்சதைப் பிரிக்கச் சொன்ன ஆள் அரியமங்கலத்துலயே கிடையாது. அவ்வளவுதான் விஷயம்.

— சீட்டு சிம்மாசனம் மாதிரிதான் இருக்கு. யார் இல்லன்னா? உக்கார்ற ராஜாதான் மாறிட்டாரு. பவித்ரா, ஏறி உக்காரும்மா. அண்ணன் கண்ணால பாக்கட்டும்.

— உக்காந்துட்டேன் அத்தை. பாருங்கண்ணே, கிளட்ச் எங்கயோ இருக்கு, என் கால் எங்கயோ இருக்கு.

— தங்கச்சி, நீ எதுக்கும்மா கிளட்ச்சை மிதிக்கணும்? டிரைவர்தான் நேத்து உக்காந்து அளவு கொடுத்துட்டுப் போனாரே? ஆறடி ஆளு. முழங்கால் வரைக்கும் டேப் வச்சு அளந்தேன்.

— தம்பி, அது என் மகன் இளங்கோ. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல வேலை. டூவீலரைத் தாண்டி அவனுக்கு எதுவும் ஓட்டத் தெரியாது. நேத்து இவதான் வண்டியைக் கொண்டாந்து நிறுத்தினா. நாங்க ரெண்டு பேரும் டீ குடிக்கப் போன நேரத்துல, ஏறி உக்காருங்கன்னு அவன்கிட்ட சொல்லியிருக்கீங்க.

— யா அல்லாஹ்! நான் டிரைவர் இல்லன்னு அவரு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

— நானும் அதைத்தான் கேட்டேன்ணே. ‘உக்காருன்னாரு, உக்காந்தேன்’ங்கிறாரு. கல்யாண மேடையிலயும் அப்படித்தான் உக்காந்தாரு.

— அப்ப இந்த லாரியை ஓட்டுறது...

— என் மருமக. நான் கிளீனர். சிரிக்காதீங்க தம்பி, ரிவர்ஸ் எடுக்கிறப்ப இந்த மயிலம்மா கொடுக்கிற குரலுக்கு காந்தி மார்க்கெட்டே ஒதுங்கி நிக்கும். எங்க வீட்டுக்காரர் போனப்புறம் எட்டு மாசம் இந்த வண்டி ஸ்ரீரங்கத்துல சும்மா நின்னுச்சு. கொள்ளிடக்கரைக் காத்துல துருதான் ஏறிச்சு. எல்லாரும் வித்துடு வித்துடுன்னாங்க. இவ போய் ஹெவி லைசென்ஸ் எடுத்துக்கிட்டு வந்து, சாவியைக் கொடுங்க அத்தைன்னு நின்னா.

— மாஷா அல்லாஹ். ஆனா இத்தனை நாள் கால் எப்படி எட்டிச்சு?

— தலையணைதான்ணே. முதுகுக்கு ரெண்டு, அடியில ஒண்ணு.

— அதுலதான் வந்துச்சு வினை. கேளுங்க தம்பி. திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு லோடு எடுத்தோம். கேட்ல புதுசா ஒரு சேஃப்டி ஆபீசர், பானுமதி மேடம்னு பேரு. வரிசையில நின்ன இன்னொரு லாரி டிரைவர், பெரியண்ணன்னு பேரு, சத்தமா, ‘மேடம், அந்தப் பொண்ணு வண்டியை வந்து பாருங்க, மெத்தைக் கடை வச்சிருக்கு’ன்னான். மேடம் பாத்தாங்க. பிரேக் அடிக்கிறப்ப தலையணை நழுவிக் காலடியில மாட்டினா என்ன ஆகும், கழண்டு வர்ற எதுவும் சீட்டுல இருக்கக் கூடாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அவங்க சொன்னது நியாயம். மத்தவங்க சிரிச்ச சிரிப்புதான் நியாயமில்ல.

— பெரியண்ணனா? மணப்பாறைக்காரரு, மீசையை நீவிக்கிட்டே பேசுவாரே?

— அவரேதான். ‘வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கும்மா, தலையணைதான் கையிலயே இருக்கே’ன்னாருண்ணே. அன்னிலேருந்து என் பேரே தலையணை டிரைவர்.

— இன்னிக்கு நாலு மணிக்குள்ள ஒழுங்கான சீட்டோட கேட்ல நின்னா ஒரு வருஷம் அந்த லோடு எங்களுக்கு. இல்லன்னா பேரை அடிச்சிடுவாங்க தம்பி. அப்புறம் நிஜமாவே வண்டியை விக்க வேண்டியதுதான்.

— இப்ப மணி பதினொண்ணு. தங்கச்சி, இறங்காத. கிளட்ச்சை முழுசா மிதி. முதுகு எந்த இடத்துல தொடணும்? இந்த ஃபோமைப் பின்னால வைக்கிறேன், சொல்லு.

— இன்னும் முன்னால... இன்னும் கொஞ்சம்... ஆங், இங்கதான்ணே!

— முதுகுக்கு நாலு இஞ்ச், அடியில மூணு. சீட்டையே முன்னால தள்ளி வேற ஓட்டை போட்டு போல்ட் முடுக்கணும். ஏம்மா, ரெக்ஸின்னா வேலை சீக்கிரம் முடியும். தோல்தான் வேணுமா?

— தோல்தான். ரெக்ஸின் வெயில்ல தோசைக்கல்லு மாதிரி சுடும். துணி உறை வேர்வையைக் குடிச்சிட்டு நாலு நாள்ல நாறும். என் மருமக கேட்டது இது ஒண்ணுதான்.

— கேபின்ல சமயபுரத்து ஆத்தா படம் இருக்கு. சில பேர் தோல் ஆகாதும்பாங்க. அதான் கேட்டேன்.

— ஆத்தா வாசல்ல அடிக்கிற மேளம் எதுல செஞ்சது தம்பி?

— அது சரி! இனிமே நான் வாயைத் திறக்கல. பிரிச்சிடறேன்ம்மா. துணின்னா தையலைப் பிரிச்சா தடம் தெரியாது. தோல்ல ஊசி போன ஓட்டை மூடாது. ஓட்டை வர்ற இடமெல்லாம் சிவப்புல பைப்பிங்னு ஒரு உருட்டுக் கரை ஓட்டி மறைச்சிடறேன். பாக்கிறவன் அதுதான் டிசைன்னு நினைச்சுக்குவான். அவ்வளவுதான் விஷயம்.

— நான் என்ன பண்ணட்டும்ணே?

— நீ அந்தப் பழைய துணி உறையை வச்சு கண்ணாடியைத் துடை. அதுக்கும் ஒரு கடைசி வேலை வேணும்ல?

*

— போல்ட் எல்லாம் முடுக்கியாச்சு. ஏறு தங்கச்சி.

— அண்ணே... கிளட்ச் காலுக்குள்ள வந்துடுச்சு! அத்தை, கண்ணாடி முழுசும் தெரியுது. ரோடு என் காலடியிலேருந்தே ஆரம்பிக்குது அத்தை!

— அழாத. கண்ணு தெரியணும், ஓட்டணும். தம்பி, மணி என்ன?

— மூணு அஞ்சு. தஞ்சாவூர் ரோட்டைப் பிடிங்க. பிஸ்மில்லாஹ்னு எடு தங்கச்சி. முடிஞ்சதும் எனக்கு ஒரு போன் போடுங்கம்மா.

— கிளீனர் ஏறியாச்சு. ரைட்! ரைட்!

*

— ஹலோ, நவ்ஷாத் தம்பி? கடையைச் சாத்திட்டீங்களா?

— ஷட்டர்ல ஒரு கை, போன்ல ஒரு கைன்னு நிக்கிறேன்ம்மா. என்ன ஆச்சு?

— மேடம் சீட்டை ரெண்டு கையாலயும் பிடிச்சு ஆட்டினாங்க. அசையல. பவித்ராவை ஓட்டச் சொல்லிட்டு, பாதியில பிரேக் அடின்னாங்க. அடிச்சா பாருங்க, சீட்டும் நகரல, அவளும் நகரல. நான்தான் டேஷ்போர்டுல போய் முட்டிக்கிட்டேன். கையெழுத்துப் போட்டுட்டாங்க தம்பி. ஒரு வருஷம்!

— அல்ஹம்துலில்லாஹ்! அடி ஒண்ணும் பலமில்லையே?

— இந்த அடி இனிக்குது தம்பி. இன்னும் கேளுங்க. பெரியண்ணன் விடல. ‘அவ சீட்டை மட்டும்தான் இவ்வளவு பாப்பீங்களா? எங்க சீட்டையும் வந்து பாருங்க!’ன்னு சவடாலா கேட்டான். மேடம் உடனே, நிக்கிற அத்தனை வண்டிக் கதவையும் திறங்க, சீட்டுக்குப் பின்னாலயும் பாக்கணும்னுட்டாங்க.

— சீட்டுக்குப் பின்னால என்னம்மா இருக்கு?

— தலையணை! ஏழு வண்டியில ஏழு தலையணை! ரோட்டுல முதுகுக்கு வச்சு ஓட்டிட்டு, கேட் வந்ததும் பின்னால ஒளிச்சிக்கிட்டிருந்திருக்கானுங்க. பெரியண்ணனோடது பூப்போட்ட உறை. சீட்டைச் சரி பண்ணிட்டு வாங்கன்னு ஏழு வண்டியையும் மேடம் திருப்பி அனுப்பிட்டாங்க. ஏழு பேரும் இப்ப உங்க கடையைத் தேடித்தான் வர்றாங்க, அதனால ஷட்டரை மேல தூக்குங்க தம்பி. உங்க தையல் மிஷின் ஓயாம ஓடட்டும், புள்ளகுட்டிங்க சொகமா இருக்கட்டும், உங்க வீட்டுத் தலையணையெல்லாம் நிம்மதியாத் தூங்குறதுக்கு மட்டுமே ஆகட்டும்.