மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் காற்று

கடற்காற்று எனக்கு நன்றாக ஒத்துக்கொள்கிறது. பாளையங்கோட்டையில் நாலு படி ஏறினாலே இரைக்கும். இந்தக் கடற்கரையில் காலையில் இரண்டு மைல் நடந்தாலும் ஒன்றும் செய்வதில்லை. நடந்ததை எழுதித் தரும்படி ஊர்க் கமிட்டியார் கேட்டிருக்கிறார்கள். முப்பத்தொரு வருஷம் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவனுக்கு எழுதித் தருவதில் சங்கடம் என்ன? என் பெயர் தாணுமாலையன்.

மூன்று வருஷமாக மாசி பிறந்ததும் இந்த ஊருக்கு வந்து, சிலுவைப்பிச்சை வீட்டு மாடியில் ஒரு மாதம் தங்குகிறேன். அமைதியான ஊர். அலைச் சத்தம், மாதா கோயில் மணி, இரண்டு நாய்கள், அவ்வளவுதான். நான் சைவம் என்பதால் சிலுவையின் மனைவி பாக்கியவதி எனக்கென்று தனி அடுப்பும் புதுப் பாத்திரங்களும் மாடியிலேயே வைத்துக் கொடுத்தாள். கருவாடு காயப்போடும் இடத்தைக்கூட அடுத்த தெருவுக்கு மாற்றிக்கொண்டார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு நான் கெடுதல் நினைப்பேனா என்பதைக் கமிட்டியார் முதலில் யோசிக்க வேண்டும்.

ஊருக்கு என்னாலும் உபயோகம் உண்டு. வானிலை எச்சரிக்கைகள் கமிட்டித் தலைவர் அப்பாத்துரையின் போனுக்கு வரும். அரசாங்கத் தமிழ் அவருக்குத் தொண்டையில் சிக்கும். அதனால் நான் இருக்கும் மாதத்தில் போனை வாங்கி ஊர்க்கூடத்து மைக்கில் வாசிப்பது என் வேலை. நான் வாசித்துவிட்டால் ஒரு படகும் இறங்காது. மீறி இறங்கினால் படகை ஒரு வாரம் கரையில் போட்டுவிடுவார்கள். அது ஊர்க் கட்டுப்பாடு.

போன சனிக்கிழமை சிலுவையின் மகள் பிரியதர்ஷினிக்கு நிச்சயம். அந்தப் பெண்ணே பார்த்துப் பிடித்துப்போன பையன், நாலு கிலோமீட்டர் தள்ளி அடுத்த கடற்கரை ஊர்க்காரன். அவன் அம்மாவைச் சம்மதிக்க வைக்கவே இரண்டு வருஷம் ஆயிற்று என்றார்கள். இவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. நிச்சயத்தன்று பெண்ணின் அப்பா விடியுமுன் கடலுக்குப் போய், தன் கையால் பிடித்த மீனைத்தான் சம்பந்திகளுக்குக் குழம்பு வைக்க வேண்டும். விலைக்கு வாங்கி வைத்தால் மரியாதைக் குறைவு.

நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை மறுவீடு வந்தால் சொதி வைப்போம். மூன்று தேங்காய்ப்பால், சிறுபருப்பு, முருங்கைக்காய், கூடவே இஞ்சிப் பச்சடி. மாப்பிள்ளைக்கு அதைவிடப் பெரிய கௌரவம் கிடையாது. செவ்வாய்க்கிழமை பாக்கியவதியிடம், சொதியை நானே வைக்கிறேன் என்று சொன்னேன்.

"பெரிய மனசு அண்ணாச்சி," என்றாள். "ஆனா சம்பந்திமாருக்குத் தேங்காப்பாலை ஊத்துனா எங்களை என்ன நெனப்பாவ? நீங்க பைய ஒக்காந்து வேடிக்கை பாருங்க, போதும்."

இதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வீட்டில் என் மனைவி பிரம்மநாயகியும் என்னை அடுப்படிப் பக்கம் விடுவதில்லை. சொதியில் எலுமிச்சம்பழம் பிழிகிற நேரம் தெரியாதவன் என்பாள். அது இந்த விசாரணைக்குத் தேவையில்லாத சங்கதி.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மைக்கில் ஓர் எச்சரிக்கை வாசித்தேன். "தென்தமிழகக் கடலோரப் பகுதிகளில் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் பலத்த காற்று வீசக்கூடும் என்பதால் மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்." போனில் அப்படி ஒரு செய்தி இருந்ததா என்று கேட்கிறீர்கள். போன வருஷத்துச் செய்தி இருந்தது. தேதியை மட்டும் நான் வாசிக்கவில்லை. விசேஷ வீட்டுக்காரர்கள் ஒரு நாளாவது அசந்து தூங்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை விடிந்தபோது கடல் குளம் மாதிரி கிடந்தது. சிலுவை கரையில் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"காத்தையே காணலையே அண்ணாச்சி."

"மத்தியானத்துக்கு மேல் வரும்," என்றேன்.

அவர் என்னை நம்பினார். திரும்பி வந்து பாக்கியவதியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் அழுதுவிட்டாள். எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. ஆகவே சொதியை நானே வைப்பதாக மறுபடியும் சொன்னேன். இந்த முறை மறுக்க அவர்களுக்கு வழி இல்லை.

சம்பந்திகள் முப்பது பேர் பந்தியில் உட்கார்ந்தார்கள். நானே பரிமாறினேன். மாப்பிள்ளையின் அம்மா இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மீனு எங்கன?"

"காத்து எச்சரிக்கை," என்றார் சிலுவை.

"எங்க ஊருல விடியுமுன்னயே எல்லாரும் கடலுக்குப் போயாச்சே. ஒங்க ஊருக்கு மட்டும் தனியாக் காத்து அடிக்குதோ?"

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை இன்னும் கொஞ்சம் சொதி கேட்டான். நல்ல பையன். அவன் அம்மா எழுந்துவிட்டார். எங்களை மதிக்காத வீட்டில் பெண் எடுப்பதா என்று சொல்லிவிட்டு வேனில் போய் உட்கார்ந்துகொண்டார். பின்னாலேயே இருபத்தொன்பது பேரும் போனார்கள். கடைசியாகப் போன மாப்பிள்ளை கையைக்கூடக் கழுவவில்லை. கையில் சொதி வாசனை ஊர் போகும்வரை இருந்திருக்கும் என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

சம்பந்தி வீட்டுக்கு என்னை அழைத்துப்போய் உண்மையைச் சொல்ல வைக்கப்போவதாகக் கமிட்டியார் சொல்கிறார்கள். வருகிறேன். காற்று அடிக்கவில்லை, எச்சரிக்கை வரவில்லை, சிலுவைமேல் தவறு இல்லை, எல்லாம் நான் செய்தது. இதைச் சொல்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. எல்லோருடைய நன்மைக்காகவும் செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

ஒரு கேள்விதான் பாக்கி. அதைக் கமிட்டியார் கேட்கவில்லை, பிரியதர்ஷினி கேட்டாள். நேற்று மாடி ஏறி வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"மாமா, நீங்க எச்சரிக்கை வாசிச்சது வெள்ளிக்கெழமை. வள்ளியூர் சந்தையில மூட்டைத் தேங்காயும் முருங்கைக்காயும் வாங்கிட்டு வந்தது புதன்கெழமைல்லா?"

சின்னப் பெண், சமையல் தெரியாது. முப்பது பேருக்குச் சொதி வைப்பதென்றால் தேங்காயைக் கடைசி நேரத்திலா வாங்குவார்கள்?