திருப்பி வைக்கப் போன தும்பிக்கை

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள், மெஜஸ்டிக் பஸ் நிலையத்திலிருந்து காக்ஸ் டவுன் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியூர் போய்த் திரும்பியவனை அக்கா அழைத்துப்போக வந்திருந்தாள். தம்பியின் மடியில் ஒரு கனத்த பை.

“யானைத் தும்பிக்கையத் திருப்பி வெச்சியா, இல்லியாடா?” என்று அவள் கேட்டதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“வெக்க விடலக்கா. ஆபீஸ் டூர்ல அந்த இடிஞ்ச கோயில்லேர்ந்து எடுத்தப்ப ஒருத்தரும் கேக்கல. திருப்பி வெக்கிறப்ப வாட்ச்மேன் புடிச்சிட்டான்.”

“உண்மையச் சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன். இங்க எதுவுமே காணாமப் போகல, வீடு இடிச்ச கல்லக் கொட்ட வந்தியான்னு கத்துறான். தும்பிக்கை இல்லாத யானையவே காட்டினேன். அது மொதல்லேர்ந்தே அப்படித்தான்ங்கிறான்.”

“யாரோ உசுரக் குடுத்துச் செதுக்கினதுடா. என் ஷோகேஸ்ல அதப் பாத்தா எனக்குச் சோறு எறங்கல. அடுத்த வாரம் நானே வரேன்.”

அக்கா பையைத் திறந்து பார்த்தாள்.

“டேய், தும்பிக்கை சரி. இந்தக் குதிரைத் தலை ஏது?”

“அதையும் நான்தான் கொட்டினேன்னு சொல்லி, பையில போட்டு அனுப்பிட்டான்க்கா.”