பின்னாடி ஒரு கிளிப்

இல்லம்மா, நான் அங்க நிக்க மாட்டேன். படத்துக்கு முன்னாடி நான் நின்னா படம் எப்படித் தெரியும்? கொஞ்சம் தள்ளியா? காலைலேருந்து வந்தவங்க எல்லாரும் இதேதான் சொல்றாங்க. கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் சிரிச்சு. படம் வரையறவ சிரிச்சாதான் படம் விக்குமா?

உங்க மேல கோவமில்ல. பத்திரிகைல அனுப்பினாங்க, வந்திருக்கீங்க. ஆனா கேமராவத் தூக்குனதுலேருந்து என் மூஞ்சியத்தானே பாக்குறீங்க? சுவத்தையும் ஒரு தடவ பாருங்களேன்.

ஆமா, எல்லாமே முதுகுதான். மாடலிங்ல இருந்தப்ப எனக்குன்னு யாரு அளவெடுத்தாங்க? தொளதொளன்னு ஒரு கவுனக் குடுப்பாங்க. பின்னாடி இழுத்துப் புடிச்சு வரிசையா கிளிப் போட்டா, முன்னாடி எனக்கே தைச்ச மாதிரி இருக்கும். திரும்பிடாதேம்பாங்க. திரும்பாமலே பாதி வயசு போச்சு. இப்ப அந்தப் பின்பக்கத்த வரையறேன். அதுக்குப் போய், பொழுது போகாம வரையறாங்கன்னு எழுதுறீங்க. எரிச்சல் வருமா வராதா, நீங்களே சொல்லுங்க.

அதுவா? அது எங்கம்மா. முகம் இல்லதான். ரெண்டு கையி, விரலிடுக்குல ஒரு கிளிப்பு, அவ்வளவுதான். நான் எங்க போட்டோவுக்கு நின்னாலும் கூடவே வருவாங்க. வேற யாரையும் கிளிப் போட விடமாட்டாங்க. அம்மா போட்டா குத்தவே குத்தாது. நான் மாடலிங்க விட்டதுலேருந்து எங்கிட்ட முகம் குடுத்துப் பேசல. இந்தக் கண்காட்சியே அவங்க அந்தப் படத்தப் பாக்கணும்னுதான்.

வந்தாங்களே! இன்னிக்கு மொத ஆளா வந்தாங்க. நேரா அந்தப் படத்துக்கிட்ட வந்து நின்னாங்க. கைப்பையத் தொறந்தாங்க. கண்ணாடிய எடுத்து மாட்டிக்கிட்டுப் பாக்கப் போறாங்கன்னு நெனச்சேன். என்னத் திருப்பி நிறுத்தி, இந்தச் சட்டையப் பின்னாடி ஒரு இழு இழுத்து, இப்பதான் லட்சணமா இருக்கேன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டாங்க. படத்துல இருக்கறது யாரோட கைன்னுகூடக் கேக்கல.

சரி, போட்டோ எடுத்துக்குங்க. சிரிக்கிறேன், போதுமா? அதுக்கு முன்னாடி ஒரு உதவி. முதுகுல அந்தக் கிளிப்ப மட்டும் கழட்டி விடுங்களேன். எனக்குக் கை எட்டல. இன்னிக்கு என்னமோ குத்துது.