கட்டிலடியில் ஒரு பாய்

பெங்களூரு வண்டி என்று நம்பி, பங்காரப்பேட்டையில் மாரிகுப்பம் ரயிலில் ஏறிய அறிவாளி நான். வெட்கத்தை மறைக்கத் தூங்குவதுபோல் நடித்தேன். எதிரே இரண்டு பெரியவர்கள். சிறுவயதில் ஒரே ஹாஸ்டலில் படித்தவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

“நான் அழுவ மாட்டேன்னு சொன்னா நம்பாதடா,” என்றார் தகரப் பெட்டியை மடியில் வைத்திருந்தவர்.

“இந்த வயசுல இன்னாடா அழுவ? முதியோர் இல்லம்தான, ஜெயிலா?” என்றார் மற்றவர்.

“பையன் வூட்ல எடமில்லயாம். மணியடிச்சா சோறு, வரிசையா கட்டிலு. மறுபடியும் ஹாஸ்டல்டா.”

“அதுக்கு?”

“புதுசா வந்தவன் அழாம இருக்க, மொத நாளு அவன் கட்டிலாண்ட ஒருத்தன் தரையில படுப்பானே. எனக்கு நீதான படுத்த.”

“அப்ப முட்டி இருந்துச்சு. அத மைன்ஸ் ஷாப்டுல, சொரங்கத்துக்குள்ளயே வுட்டுட்டேன். இப்ப தரையில படுத்தா தூக்கிவுட ஆளு வேணும்.”

“சரி, வுடு.” பெட்டிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாரிகுப்பம் வந்தது. முட்டிவலிக்காரர் முனகிக்கொண்டே குனிந்து, சீட்டுக்கு அடியிலிருந்து சுருட்டிய பாய் ஒன்றை இழுத்தார்.

நடிப்பை மறந்து, “அப்போ நீங்க இன்னிக்கு அங்கேயே படுக்கப் போறீங்களா, சார்?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

“தூங்கறவனுக்கு இன்னா கேள்வி?”