ஐம்பது மடங்கு ஏற்றம்

— பதினேழு நாள்டா தம்பி. பதினேழு நாளா நான் போய்ப் பார்த்துட்டு வர ஒரு ஊர் தேடுறே. இந்நேரம் ஒரு ஊரையே கட்டி முடிச்சிருக்கலாம்.

— தடுமாறி விழுற ஆளுக்கு ஊர் தேடுறது லேசாக்கா? அதாவது, நாலு விஷயம் பார்க்கணும். சரிவு, தெருவுல பாவின கல்லு, படிக்கட்டு, நடுநடுவுல உக்கார பெஞ்சு. கணக்கா அட்டவணை போட்டிருக்கேன்.

— ஐரோப்பாவுக்கே மார்க் போட்டுட்டியா? படி, கேப்போம்.

— வெனிஸ் வேண்டாம். பாலத்துக்குப் பாலம் படி ஏறி இறங்கணும்.

— பாலமே இல்லாத வீட்டுல, குளியலறை வாசப்படியில விழுந்தவ நான். மேல சொல்லு.

— ப்ராக். அழகான ஊரு. ஆனா பழைய ஊர் பூரா கல்லு பாவின தெரு. உன் கைத்தடி இடுக்குல மாட்டிக்கும்.

— மாட்டட்டுமே. அப்பவாவது ஒரு இடத்துல நேரா நிப்பேன்.

— ஆம்ஸ்டர்டாம் தட்டையான ஊருதான். ஆனா சைக்கிள் சர்ருன்னு வரும். நீ இடப்பக்கம் சாயுற ஆளு.

— சைக்கிள்காரன்கிட்ட முன்கூட்டியே சொல்லி வலப்பக்கமா வரச் சொல்லு. இதையெல்லாம் உக்காந்து எழுதியிருக்கே பாரு, உனக்கு ரிட்டயர்மென்ட் குடுத்தது தப்பு.

— சிரிக்காதேக்கா. அதனாலதான் வியன்னா. நடுவூரு கிட்டத்தட்ட சமதரை. தரையோட தரையா டிராம் வந்து நிக்கும், காலைத் தூக்கவே வேண்டாம். நடைபாதை அகலம். உனக்குன்னே கட்டின மாதிரி இருக்கு.

— வியன்னால எனக்கு யாருடா இருக்கா?

— அரண்மனை இருக்கு.

— அரண்மனை என்னை அம்மான்னு கூப்பிடுமா? என் பையன் லிஸ்பன்ல இருக்கான். நாலு வருஷமா அவன் மூஞ்சியை போன்ல உள்ளங்கை அகலத்துக்குப் பார்த்துட்டு இருக்கேன். உன் பட்டியல்ல பன்னிரண்டு ஊர் இருக்கு. அந்த ஊர் மட்டும் இல்ல.

— லிஸ்பன் குன்று குன்றா கிடக்குக்கா. அதாவது, நடைபாதைக் கல்லு வேற வழவழன்னு இருக்கும். மழை பெஞ்சா நல்ல காலுக்காரனே சறுக்குவான்.

— அவன் வீடு ஆத்தோரம்னான்.

— சொல்லுவான். நான் இன்டர்நெட்ல உயரக் கணக்கு எடுத்து, அவன் வாசல்லேர்ந்து முக்கு ரொட்டிக்கடை வரைக்கும் ஏத்த இறக்கம் வரைஞ்சிருக்கேன். இந்தா. இருநூறு மீட்டர்தான். எப்படி நிக்குது பாரு.

— ஆடுகூட ஒரு நிமிஷம் யோசிக்கும் போலிருக்கே.

— அதைத்தான் சொல்றேன். வியன்னாவுக்கே டிக்கெட் போட்டுடறேன். அவனை அங்க வரச் சொல்லிப் பார்க்கலாம்.

— பார்க்கலாமா? ம். பொடி எழுத்துப் படிக்கற அந்த லென்ஸை எடு.

— எதுக்குக்கா?

— எடுன்னா எடு. முப்பத்தோரு வருஷம் நீ வெயில்ல சங்கிலி பிடிச்சு அளந்துட்டு வந்ததையெல்லாம் மேசையில குனிஞ்சு வரைஞ்சவ நான். என்னைத் தடுமாற வைக்கிற கோளாறு காதுக்குள்ள. கண்ணுல இல்ல.

— பழைய ஆபீஸ் கதை இப்ப எதுக்கு?

— கீழ் மூலையில என்ன எழுதியிருக்கே? கிடையில ஒரு சென்டிமீட்டர்னா பத்து மீட்டர். மேல்நோக்கி ஒரு சென்டிமீட்டர்னா, இருபது சென்டிமீட்டர்.

— அதாவது... சரிவு கண்ணுக்குத் தெரியணும்னு உயரத்தைப் பெருக்கிப் போடறது நம்ம வழக்கம்தானே.

— கால்வாய்ப் படத்துக்கே நாம பத்து மடங்கைத் தாண்டினதில்ல. நீ ஐம்பது மடங்கு தூக்கியிருக்கே. இருநூறு மீட்டருக்கு மொத்தமே ரெண்டு மீட்டர் ஏத்தம். மழைத்தண்ணி ஓடட்டும்னு மொட்டை மாடியில ஒரு சரிவு விடுவாங்களே, அது. அதைப் போய் மலையா வரைஞ்சு எங்கிட்டயே நீட்டுறே.

— அக்கா...

— பொய் சொல்லவும் ஒரு நேர்த்தி வேணும்டா. பொய்ப் படத்துலயும் அளவை எழுதாம விட உன் கை கேக்கல பாரு, அவ்வளவுதான் உன் சாமர்த்தியம். என்னைப் பிடிச்சுக்கிட்டு நடக்க அலுப்பா இருக்கா? வாயைத் திறந்து சொல்லு. கிழவிக்கு மலையைக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம்.

— உன்னைப் பிடிச்சுக்கிட்டு நான் எந்த ஊருக்கும் நடப்பேன். அது உனக்கே தெரியும்.

— அப்ப லிஸ்பனுக்குப் போடு. இன்னைக்கே.

— வேண்டாம்க்கா.

— ஏன் வேண்டாம்? தெரு தட்டை. பிடிச்சுக்க நீ இருக்கே. இன்னும் என்ன மலை நிக்குது நடுவுல?

— அந்தப் படத்தை நானா வரையல. அம்மா பார்த்ததும் பயந்து வராம இருக்கற மாதிரி ஒண்ணு போட்டுக் காட்டுங்க மாமான்னு கேட்டது உன் பையன்.